கொத்தமல்லில பேன், லேபிள் இல்லாத பாட்டில், அப்புறம் அந்த முதலைப் புழு

கேள்வி: ஐயா வணக்கம். நான் பாலக்கோடு பக்கம்ங்க. 12 சென்ட்ல கொத்தமல்லி, வரப்பு ஓரமா நாலு பாத்தி புதினா போட்டிருக்கேன், கட்டு கட்டி தர்மபுரி உழவர் சந்தைக்கு கொண்டு போறேன். கொத்தமல்லிக்கு 28 நாள் ஆச்சு. ஒரு வாரமா இலைக்கு அடில பச்சை பச்சையா பேன், தொட்டா கை பிசுபிசுங்குது, துளிர் சுருண்டுகிச்சு, வெள்ளையா சாம்பல் மாதிரியும் இருக்கு. இப்ப புதுசா கருப்பும் ஆரஞ்சுமா குட்டி முதலை மாதிரி ஒரு புழுவும் ஊருது. கடைல ஆர்கானிக் மருந்துன்னு ஒரு பாட்டில் குடுத்தாங்க, பேரு மட்டும்தான் போட்டிருக்கு. போன வாரம் ஒரு பாத்திக்கு அடிச்சேன், மறுநாளே ஒண்ணு விடாம செத்துடுச்சு. மீதிக்கும் அடிக்கலாமா, டேங்குக்கு எத்தன மில்லி? வேலி அவரைல கருப்புப் பேன் மொய்க்குது, அங்கிருந்துதான் பரவுதுன்னு வீட்டுக்காரர் அவரையை புடுங்க சொல்றார். உரம் குறை வைக்கலங்க, யூரியா ரெண்டு தடவையா 10 கிலோ குடுத்திருக்கேன்.

பதில்: எத்தன மில்லின்னு நான் சொல்ல மாட்டேன்மா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. பூச்சி மருந்துன்னு வித்தா பாட்டில் மேல என்ன மருந்து, எத்தன சதம், பதிவு எண், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி எல்லாம் இருக்கணும், 1968லயே போட்ட சட்டம் அது. வேம்பு சரக்குன்னா அதுல இருக்கற அசாடிராக்டின்ங்கற மருந்துப் பொருள் எவ்வளவுன்னு 300 பிபிஎம் (பத்து லட்சத்துல 300 பங்கு), 1500 பிபிஎம், 10,000 பிபிஎம்னு எழுதியிருக்கும். வெறும் பச்சை இலை படமும் ஆர்கானிக்ங்கற வார்த்தையும் மட்டும் இருந்தா அதை தோட்டத்துக்குள்ளயே விடாதீங்க. அதுலயும் மறுநாளே ஒண்ணு விடாம செத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயித்தை கலக்குது, வேம்பு அப்படி வேலை செய்யாது, அது பூச்சியை சாப்பிட விடாம, தோல் உரிக்க விடாம நாலஞ்சு நாள்ல அடக்கும். ஒரே நாள்ல சுத்தமா துடைச்சுதுன்னா உள்ள கெமிக்கல் கலந்திருக்குமோன்னுதான் நான் சந்தேகப்படுவேன். கத்தரின்னா அடிச்சதுக்கப்புறம் வர்ற காயை பறிக்கலாம், கொத்தமல்லில மருந்து பட்ட இலையேதான் சட்னிக்குப் போகுது. அந்த ஒரு பாத்தி சந்தைக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம், ஆட்டுக்கும் போடாதீங்க. மடக்கி உழுதுடுங்க, 12 சென்ட்ல ஒரு பாத்தி போனா போகட்டும்.

இப்ப நீங்க கேட்காத கேள்விக்கு வரேன். யூரியா. 12 சென்டுக்கு 10 கிலோன்னா ஏக்கருக்கு 80 கிலோவுக்கு மேல வருது, 45 கிலோ மூட்டைல கிட்டத்தட்ட ரெண்டு. ஒரு மாசத்துப் பயிருக்கு, அதுவும் தழைக்கு! இந்தப் பேன் இருக்கே, அசுவினின்னு சொல்றது, ஊசி மாதிரி வாயை நரம்புல குத்தி சாறு குடிக்குது, அந்த சாறுல சர்க்கரை ஜாஸ்தி, அது வளர்றதுக்கு வேண்டிய தழைச்சத்து கம்மி. அதனால நிறைய நிறைய குடிச்சு, வேண்டாத சர்க்கரையை பின்னால ஒழுக விடும், உங்க கைல ஒட்டற பிசுபிசுப்பு அதுதான். நீங்க யூரியாவை கொட்டினதும் அதுக்கு குறையா இருந்த சத்தும் சாறுல சேர்ந்துடுச்சு, அப்புறம் கேக்கணுமா. ஆண் தேவையில்ல, முட்டை வைக்கிற வேலையும் இல்ல, குட்டியாவே போடும், அந்தக் குட்டி பொறக்கும்போதே அதோட வயித்துல அடுத்த குட்டி உருவாக ஆரம்பிச்சிருக்கும், பத்து நாளைக்குள்ள அதுவும் தாய். சாம்பல் மாதிரின்னு எழுதினது அது உரிச்சுப் போட்ட சட்டை, நோய் இல்ல. தை மாசத்துல மழையும் இல்ல, அடிச்சு கழுவிவிட ஆள் இல்லாம அதுபாட்டுக்கு பெருகுது. கடைக்காரர் யூரியாவும் விக்கிறார் பூச்சி மருந்தும் விக்கிறார், முதல் மூட்டை போனா ரெண்டாவது பாட்டில் தானா போகும், அவர் எதுக்கு உங்ககிட்ட கம்மியா போடுங்கன்னு சொல்லப்போறார்?

இனி யூரியா ஒரு கைப்பிடி கூட வேண்டாம். அடுத்த விதைப்புக்கு நல்லா மக்கின தொழுவுரத்தை அடியில போட்டு நிறுத்திக்குங்க, இலை கரும்பச்சையா பளபளன்னு இருந்தாதான் சந்தைல விலைன்னு நினைக்காதீங்க, அந்தக் கட்டு சாயங்காலத்துக்குள்ள தொங்கிடும், வாசமும் இருக்காது.

இப்ப இருக்கற பேனுக்கு முதல்ல வெறும் தண்ணி. சிரிக்காதீங்க. கைத்தெளிப்பானை நல்லா கழுவி, போன வாரம் அந்த பாட்டிலை ஊத்தின டேங்க்தானே அது, மூணு தடவை கழுவி, காலைல பனி இறங்கினதும் நாசிலை மேல் நோக்கி திருப்பி இலைக்கு அடில படற மாதிரி பக்கவாட்டுல வேகமா அடிங்க. கீழ விழுந்தது பெரும்பாலும் திரும்ப ஏறாது. மேல இருந்து பீய்ச்சினா கொத்தமல்லி சாஞ்சுக்கும், பேனும் அப்படியே இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு தடவை.

அதுக்கும் மிஞ்சினா வேப்பங்கொட்டை. இதுல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், வேப்பெண்ணெய்னு யாராவது சொன்னா எனக்கு கோபம் வரும், தழைக்குன்னு சொல்றேன், மத்த பயிருக்கு இல்ல. எண்ணெய் மெல்லிசு இலையை பொசுக்கும், வாசமும் போகாது. நானே ஒரு தடவை புதினாவுக்கு மத்தியான வெயில்ல அடிச்சு ரெண்டு பாத்தி காபி கலர் ஆகி, தப்பிச்சதை அறுத்து துவையல் அரைச்சா வீட்டுல ஒருத்தரும் வாய்ல வைக்கல. கொட்டை கரைசல் அப்படி இல்ல. நம்ம பக்கம் மானாவாரி காடு முழுக்க வேப்பமரம், ஆனி ஆடில பழம் கொட்டிக் கிடக்கும், காசு குடுத்து பாட்டில் வாங்கறவங்க அதை மிதிச்சுகிட்டேதான் கடைக்குப் போறாங்க! பொறுக்கி, சதையை கழுவி, நிழல்ல உலர்த்தி சாக்குல கட்டி வைங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சாணம் புடிச்சு வீணாயிடும். ஆடில எடுத்தது தைக்கு சரியான பதத்துல இருக்கும், போன வருஷத்துது வேண்டாம்.

10 லிட்டர் டேங்குக்கு ஓடு நீக்கின பருப்பு அரை கிலோங்கறது வழக்கமான கணக்கு, அதாவது 5 சதம். இளந்தழைக்கு நான் கால் கிலோதான் சொல்வேன். ஒண்ணு ரெண்டா இடிச்சு துணில மூட்டையா கட்டி ராத்திரி ரெண்டு லிட்டர் தண்ணில ஊறட்டும், மறுநாள் பால் மாதிரி வெள்ளையா வர்ற வரைக்கும் பிழிஞ்சு, ரெண்டு மடிப்பு துணில வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பை கரைச்சு ஊத்தி 10 லிட்டர் ஆக்குங்க. துணி துவைக்கிற பவுடரோ பாத்திரம் கழுவற ஜெல்லோ போடாதீங்க, இலை கருகும். ஒரு ஓரத்துல அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டு மத்ததுக்கு அடிங்க. வெயில் சாஞ்சப்புறம் அடிங்க, கரைசலை அன்னைக்கே தீர்த்துடுங்க. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடணும், இல்லேன்னா கசப்பு நிக்கும்.

புகையிலை கரைசல் சொல்ல நாலு பேர் வருவாங்க. இயற்கைதான், ஆனா நிகோடின் விஷம், சாப்பிடற தழைல அது பக்கமே போகாதீங்க.

புதினா சுலபம். பேன் ஏறின தண்டை தரையோட அறுத்து எருக்குழில போட்டு மூடுங்க, வேர்ல இருந்து புதுத் துளிர் தானா வந்துடும். சுருண்ட துளிர் ரெண்டை ஒரு கவர்ல போட்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டினாலும் நல்லது, உங்களுக்கு பக்கம்தானே.

கடைசியா அந்த முதலை. அது பொறிவண்டோட குட்டிம்மா! சிவப்புல கருப்புப் புள்ளி வச்சு குண்டா ஒரு வண்டு வருமே, அதுக்கு சின்ன வயசு உருவம். ஒரு இலையை திருப்பி ரெண்டு நிமிஷம் பாருங்க, ஒரு பேனை தலையோட கவ்வி சாறை உறிஞ்சிட்டு வெறும் தோலை போட்டுட்டு அடுத்ததுக்கு நகரும். பக்கத்துலயே உப்பி பழுப்பு நிறத்துல அசையாம ஒட்டிக்கிட்டிருக்கற பேன் இருந்தா அதுக்குள்ள ஒரு குட்டிக் குளவி வளருதுன்னு அர்த்தம், அதையும் கசக்காதீங்க. அந்த ஒரு பாத்தில இப்ப பேனும் இல்ல, முதலையும் இல்ல, சரிதானே? உழாம விட்டா, தின்ன ஆள் இல்லாததால அங்கதான் மறுபடி பேன் முதல்ல ஏறும்.

இந்தப் பொறிவண்டெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க, அவரைலதான் அதுக்கு தீனி முதல்ல கிடைச்சிருக்கும். அவரைல மொய்க்கிற கருப்புப் பேன் பயறு வகையை தேடற ஜாதி, கொத்தமல்லி பச்சைப் பேன் வேற, அங்கிருந்து இங்க பரவுதுங்கறது வீட்டுக்காரரோட கற்பனை. அவரைக் கொடில எறும்பு சாரை சாரையா ஏறுதான்னு மட்டும் பாருங்க, அந்த இனிப்புத் தண்ணிக்காக எறும்பு பேனுக்கு காவல் நின்னு பொறிவண்டை விரட்டும், ஏறினா வேலிக் கால்ல கிரீஸ் தடவின துணியை சுத்தி விடுங்க. கொடி இருக்கட்டும், காய் புடிக்கற நேரம் வேற, புடுங்க சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.