தொழில் களம்: கேள்வி பதில்

கே: கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலை நின்றால் ‘இத்தனை ஆயிரம் வேலைநாள் இழப்பு’ என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது? (வாசகர், குடிகாடு)

ப: ஒவ்வொரு வேலைநாளிலும் வேலை செய்யாமல் நின்றவர்களை எண்ணிக் கூட்ட வேண்டும். முதல் நாள் எண்ணிக்கையை மொத்த நாட்களால் பெருக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஓர் ஆலையில் 800 பேர், 13 நாள் போராட்டம், நடுவில் 2 ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 நாள் 800 பேரும் வெளியே நின்றார்கள். பிறகு 300 பேர் திரும்பிவிட, மற்ற 7 நாள் 500 பேர். 3,200-உம் 3,500-உம் சேர்த்து 6,700. நேராகப் பெருக்கினால் 10,400 வரும்! போராட்டத்தில் சேராவிட்டாலும், அதனால் வேலையில்லாமல் அதே ஆலையில் சும்மா இருந்தவர்களையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுபட்டுப்போகிறார்கள். அவர்களும் கூலி இழந்தவர்கள்தானே.

கே: புதுச்சேரியா, கடலூரா, எங்கே போராட்டம் அதிகம்? (வாசகர், வில்லியனூர்)

ப: மொத்தத்தை வைத்துச் சொல்லாதீர்கள். 26,800 தொழிலாளர் உள்ள வட்டாரத்தில் 6,700 நாள் போனால் ஆயிரம் பேருக்கு 250. இரண்டு லட்சம் பேர் உள்ள இடத்தில் 20,000 நாள் போனாலும் ஆயிரத்துக்கு 100தான்.

அடுத்தது, யார் கணக்கு என்பது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் கீழ் வருவது. மாநிலத் தொழிலாளர் துறையின் பட்டியலை மட்டும் பார்த்தால் மாவட்டத்தின் மிகப் பெரிய ஆலையே அதில் இருக்காது. புதுச்சேரி என்ற பெயரிலோ ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாமும் அடங்கும். 2012 ஜனவரியில் அங்கே ஒரு பீங்கான் ஆலையில் வெடித்த தகராறில் உயிர்களே போயின. அதைக் கொண்டு புதுச்சேரிப் பகுதித் தொழிற்பேட்டைகளான சேதராப்பட்டையோ மேட்டுப்பாளையத்தையோ எடைபோட முடியாது.

வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தனித்தனியே பாருங்கள். முன்னது தொழிலாளர் எடுத்த முடிவு, பின்னது நிர்வாகம் எடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ‘தொழிலாளர் பிரச்சினை’ என்று எழுதுவது அநியாயம். மேற்கு வங்கச் சணல் ஆலைகளில் கதவடைப்புதான் ஏராளமான நாட்களைத் தின்றிருக்கிறது.

இன்னொன்று, நிரந்தரமாக மூடிய ஆலை இந்தக் கணக்கில் வராது. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பறிகொடுத்து, எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் புதுச்சேரி. அங்கே ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. இழப்பு எண் குறைந்தால் அமைதி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கே: பொது வேலைநிறுத்த நாளும் சேருமா? விவரம் எங்கே கிடைக்கும்? (வாசகர், பண்ருட்டி)

ப: அரசியல் காரணத்துக்கான நிறுத்தத்தையும், 10 பேருக்குக் குறைவானோர் பங்கேற்றதையும் சிம்லாவில் உள்ள மத்திய தொழிலாளர் பணியகம் சேர்ப்பதில்லை. அமெரிக்கா வெளியிடும் பெரிய வேலைநிறுத்தப் பட்டியல் 1,000 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. நம்முடையதோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். மாவட்ட அளவில் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். ‘மொத்த இழப்பு’ என்று மட்டும் கேட்டால் ஒரே எண்ணைத் தந்துவிடுவார்கள். ஆலைவாரியாகத் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, நாள்வாரி ஆள் எண்ணிக்கை, வேலைநிறுத்தமா கதவடைப்பா என்று பிரித்துக் கேளுங்கள். மத்திய, மாநில அலுவலகங்களுக்குத் தனித்தனி மனு போட வேண்டும்.