வாட்ச் ரிப்பேர் பழக முதலில் என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

கேட்டவர் சொல்வது இது: தாத்தா கட்டியிருந்த சாவி கொடுக்கும் எச்எம்டி வாட்ச் நின்றுபோய்க் கிடக்கிறது, அதை வைத்து ரிப்பேர் பழக ஆசை. ஆன்லைனில் 150 சாமான் அடங்கிய செட் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

செட் வேண்டாம். தாத்தாவின் வாட்ச்சையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மாதிரி செட்டுகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது ஸ்ட்ராப் மாட்டும் பின்கள்தான். மீதியில் பெரும்பாலானவை பின்மூடி திறக்கவும், செயின் கண்ணி கழற்றவும், பேட்டரி மாற்றவும் ஆகும். மெஷினுக்குள் கை வைப்பவருக்கு வேண்டிய ஸ்க்ரூடிரைவரும் சாமணமும் அதில் பேருக்குத்தான் இருக்கும். கையில் இருக்கும் பணத்தை மூன்றே பொருளில் போடுங்கள்: ஸ்க்ரூடிரைவர், சாமணம், கண்ணில் வைக்கும் லென்ஸ்.

ஸ்க்ரூடிரைவரில் 0.80, 1.00, 1.20, 1.40, 1.60 மில்லிமீட்டர் என ஐந்து அளவு போதும். பெர்ஜியான் என்ற ஸ்விஸ் கம்பெனியின் டிரைவர்களில் மஞ்சள் வளையம் 0.80, கறுப்பு 1.00, சிவப்பு 1.20. வேறு கம்பெனிகளிலும் பெரும்பாலும் இதே நிறங்கள்தான். விலை கட்டுப்படியாகாவிட்டால் நடுத்தர விலையில் ஒன்று வாங்கி, கூடவே உளி தீட்டுகிற எண்ணெய்க்கல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். முனையைத் தீட்டத் தெரிந்தவர் கையில் நடுத்தர டிரைவர் நன்றாகவே வேலை செய்யும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பழகிய மூன்றாவது வாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால்தான் கெடுத்தேன். ஸ்க்ரூ தலையின் வெட்டைவிட டிரைவர் முனை தடிமனாக இருந்தது. உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அழுத்தித் திருகினேன். வழுக்கிப்போய், இங்குமங்கும் ஊசலாடி வாட்ச்சை ஓட்டும் பேலன்ஸ் வீலில் இடித்தது. அதில் இருக்கும் தலைமுடி போன்ற சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் ஒரு சுற்று அடுத்த சுற்றின் மேல் ஏறிக்கொண்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தும் அது பழைய வட்டத்துக்கு வரவே இல்லை. அதனால் திருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். முனை வெட்டுக்குள் முழுசாக இறங்கி இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நிற்க வேண்டும். முனை மெல்லிசாக இருந்தால் வெட்டின் விளிம்பைத் தின்றுவிடும். அகலம் ஸ்க்ரூ தலையைத் தாண்டக் கூடாது.

சாமணத்தை, கடையில் ட்வீசர் என்றே கேளுங்கள், காந்தம் ஏறாத எஃகில் 3-ஆம் நம்பர் வாங்கினால் தொடக்கத்துக்குப் போதும். 5-ஆம் நம்பரின் முனை ஊசிபோல இருக்கும், ஹேர்ஸ்பிரிங் வேலைக்கு அது. வாங்கும்போதே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல அமுக்கிப் பாருங்கள். நுனிதான் முதலில் சேர வேண்டும். இன்னும் அழுத்தினால் நுனி விரியக் கூடாது. புறங்கையில் இருக்கும் ஒற்றை முடியை அதால் பிடித்து இழுக்க முடிந்தால் நல்ல சாமணம்.

லென்ஸில் எல்லோரும் செய்யும் தவறு, பெருக்கம் அதிகமானால் நல்லது என்று 10 மடங்கு வாங்குவது. 10 மடங்கு லென்ஸில் பொருள் தெளிவாகத் தெரிய அது சுமார் 2.5 சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இடுக்கில் சாமணம், டிரைவர், இரண்டு கை எல்லாம் நுழைய வழியே இல்லை. 4 மடங்கில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடம் கிடைக்கும். வேலைக்கு அது. அச்சு முனை உட்காரும் கல்லில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தின் பல்லில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் 10 மடங்கு, அதைப் பிறகு வாங்கலாம்.

மற்றவை சின்னச் செலவு. மெஷினைப் பிடித்து நிறுத்த உலோக ஹோல்டர், தூசும் விரல் ரேகையும் ஒற்றி எடுக்க பிசைந்த மாவு போன்ற ரோடிகோ, கேமராவுக்கு விற்கும் ரப்பர் புளோயர், விரலுறை, மூடியுள்ள சின்னச் சின்ன டப்பாக்கள். விரலுறையை நம் ஊரில் விடவே கூடாது. வேர்வை பட்ட எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஃபேன் போட்டால் சாமான் பறக்கும், போடாவிட்டால் வேர்க்கும். நான் விடியற்காலையில்தான் உட்காருகிறேன். மேசை நெஞ்சளவு உயரத்தில் இருக்கட்டும். பழைய வெள்ளை வேட்டியின் ஒரு ஓரத்தை மேசை விளிம்பில் கிளிப் போட்டு, மறு ஓரத்தை மடிமேல் விரித்துக்கொள்ளுங்கள். தெறித்து விழும் ஸ்க்ரூ தரைக்குப் போகாமல் அதில் தங்கும்.

இப்போது தாத்தாவின் வாட்ச். ஓடாத வாட்ச்சில் பழகினால், பூட்டி முடித்ததும் அது ஓடாதது பழைய கோளாறாலா உங்கள் கையாலா என்று உங்களுக்குத் தெரியாது. ஓடுகிற வாட்ச்சைக் கழற்றிப் பூட்டி, அது நின்றால், எங்கே தவறினீர்கள் என்று தேடலாம். அந்தத் தேடலில்தான் வேலை படியும். ஆகவே தாத்தாவுடையதில் இருக்கிற அதே மெஷின் உள்ள, ஓடுகிற பழைய எச்எம்டி ஒன்று வாங்குங்கள், முடிந்தால் உதிரிக்காக இன்னொன்று. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்துத் தொடங்கி, 2016-இல் மூட முடிவாகும்வரை கோடிக்கணக்கில் செய்துவிட்ட வாட்ச் அது. பழையது இன்றும் கிடைக்கிறது. டயல் புது பெயின்ட்டில் பளபளத்தால், பல வாட்ச்களின் உதிரிகளைச் சேர்த்ததாக இருக்கக்கூடும். பழகுவதற்குப் பரவாயில்லை, அதற்குக் கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கழற்றும் முன் ஸ்பிரிங்கில் உள்ள முறுக்கை இறக்க மறக்கவே கூடாது. பெரிய பல்சக்கரத்தின் ஓரத்தில் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும், கிளிக் என்பார்கள். சாவியை, அதாவது சாவி கொடுக்கத் திருகும் குமிழை, விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, கிளிக்கைச் சாமணத்தால் விலக்கி, சாவியை விரலுக்குள் மெல்லச் சுழலவிடுங்கள். சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகட்டைப் பாலம் என்பார்கள்; முறுக்கோடு அதைத் திறந்தால் சக்கரங்கள் சரேலென்று சுற்றிப் பல்லும் அச்சு முனையும் முறியும். இன்னொன்று, பல மெஷின்களில் சாவிக்குப் பக்கத்துச் சக்கரத்தின் ஸ்க்ரூ எதிர்ப்பக்கம் கழலும். வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள்.

கழுவுவதும் எண்ணெய் போடுவதும் இரண்டாம் கட்டம். இப்போதே எண்ணெய் வாங்கி அடுக்க வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயை மட்டும் எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள், அது இடத்தில் நிற்காமல் பரவிவிடும். கழுவும் காலம் வரும்போது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸ் வீலையும் ஆல்கஹாலில் ஊறப்போடக் கூடாது. அவற்றில் உள்ள சிவப்புக் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹாலில் அது கரையும்.

ஒரே மெஷினை ஐந்து தடவை கழற்றிப் பூட்டி ஐந்து தடவையும் ஓடினால் தாத்தாவின் வாட்ச்சை எடுங்கள். அதுவரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று அதற்குச் சாவி கொடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். எண்ணெய் காய்ந்த அச்சு ஓட ஓடத் தேயும்.