கல்லெறிந்தவரும் கையெழுத்துப் போட்டவரும் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வெஸ்டன் ஊர்வல வழக்கைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் காவல்துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். சட்டப்படி நடந்தவர்களைக் கைது செய்தது தவறு என்று எழுதியிருந்தீர்கள். எழுதுவது சுலபம். ஒரு ஊரில் திருவிழா. ஒரு தெருக்காரர்கள் சாமி ஊர்வலத்தை மேளத்தோடு பஸ் ரோடு வழியாகக் கொண்டுபோவோம் என்றார்கள். பொது ரோடுதான். இன்னொரு தெருக்காரர்கள், வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். என்னிடம் இருந்தது எட்டு கான்ஸ்டபிள்கள். முந்தின நாள் தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி, மேளம் இல்லாமல் வேறு பாதையில் போகிறோம் என்று விழா நடத்துகிறவர்களிடம் எழுதி வாங்கினோம். ஒரு உயிர் போகவில்லை. நான் செய்தது தப்பா? அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன லண்டன் ஜட்ஜுகள் என் இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஐயா,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ஒரு உயிர் போகவில்லை' என்ற வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. எட்டு பேரை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்ற அனுபவம் எனக்குக் கிடையாது. அதனால் தப்பா சரியா என்று ஒரே வார்த்தையில் சொல்லாமல், பழைய வழக்குகள் வழியாகவே பதில் சொல்கிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் மேற்குக் கரையில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்று ஒரு கடற்கரை ஊர். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் இரட்சணிய சேனைக்காரர்கள் (நாகர்கோவில் ஆஸ்பத்திரியால் நமக்குத் தெரிந்தவர்கள்தான்) அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டும் கொடியுமாகத் தெருவில் ஊர்வலம் போவார்கள். குடிக்காதே என்பது அவர்கள் பிரச்சாரத்தில் பெரிய பங்கு. இவர்களை அடித்து விரட்டுவதற்கென்றே 'எலும்புக்கூட்டுச் சேனை' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பல ஊர்களில் இந்த மாதிரிக் கும்பல்களுக்குப் பின்னால் சாராயக் கடைக்காரர்களின் ஆதரவு இருந்தது. 1882 மார்ச்சில் வெஸ்டனில் பெரிய கைகலப்பு, கல்வீச்சு. போலீசால் சமாளிக்க முடியவில்லை. உடனே மாஜிஸ்திரேட்டுகள், பொது அமைதி குலையும்படி யாரும் தெருவில் கூடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மார்ச் 26 ஞாயிறு. வில்லியம் பீட்டி என்பவர் தலைமையில் நூறு பேர் போல ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் சார்ஜென்ட் வழிமறித்துக் கலையச் சொன்னார், பீட்டி மறுத்தார், கைது. அடுத்தவர் முன்னால் வந்து நடத்தினார், அவரும் கைது. மூன்றாமவர், அவரும். சட்டவிரோதமாகக் கூடினார்கள் என்று வழக்கு. பன்னிரண்டு மாதம் அமைதி காப்போம் என்று பிணை எழுதிக் கொடு, இல்லாவிட்டால் மூன்று மாதம் சிறை என்பது உத்தரவு.

அந்த ஜூன் மாதம் லண்டனில் நீதிபதிகள் ஃபீல்டும் கேவும் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். ஃபீல்ட் சொன்னது இது: ஒருவன் சட்டப்படியான காரியத்தைச் செய்கிறான், அதைப் பார்த்து இன்னொருவன் சட்டத்தை மீறுவான் என்று அவனுக்குத் தெரியும், அதற்காக முதலாமவனைத் தண்டிக்கலாம் என்பதுதான் கீழ்க்கோர்ட்டு முடிவின் பொருள், அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை.

இதைத்தான் நான் கொண்டாடி எழுதியிருந்தேன். நீங்கள் கேட்பது வேறு. தீர்ப்பு ஜூனில் வந்தது, கல் மார்ச்சில் பறந்தது. தெருவில் நிற்கிறவன் என்ன செய்வான்?

சரி, உங்கள் பக்கம் பேசும் வழக்குகளும் அதே நூற்றாண்டில் உண்டு. இரண்டும் அயர்லாந்து. ஸ்வான்லின்பார் என்ற ஊரில் ஒரு பெண்மணி ஆரஞ்சு நிற லில்லிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் போகிறார். அது புராட்டஸ்டன்ட் ஆரஞ்சுச் சங்கத்தின் அடையாளம், பார்த்த கத்தோலிக்கர்கள் கொதித்துப்போய்ப் பின்னாலேயே திரண்டு மிரட்டுகிறார்கள். கானர் என்ற போலீஸ் அதிகாரி, அம்மா, அந்தப் பூவை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறார். அவர் மறுக்க, கானர் தன் கையாலேயே, வலிக்காமல், எடுத்துவிடுகிறார். என் மேல் கைவைத்தார் என்று அந்த அம்மாள் வழக்குப் போட்டார். 1864-இல் கோர்ட்டு கானர் பக்கம் நின்றது. அவரையே காப்பாற்றவும் ஊர் அமைதிக்காகவும் செய்தது என்றால் அது குற்றமில்லை என்றது. ஆனால் அந்த அமர்விலேயே நீதிபதி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மனம் ஒப்பவில்லை. இப்படியே போனால் நாட்டின் சட்டம் போய் கும்பலின் சட்டம்தான் மேலே நிற்கும் என்று பயந்தார்.

இன்னொன்று 1883-இல் தீர்ப்பானது. குத்தகை விவசாயிகளுக்கான நிலச் சங்கத்தின் கூட்டத்தை, ஆரஞ்சுக்காரர்கள் தாக்க வருவார்கள் என்று ஒரு மாஜிஸ்திரேட் கலைத்தார். ரத்தக்களறியைத் தடுக்க வேறு வழியே இல்லை என்று நியாயமான காரணத்தோடு அவர் நம்பியிருந்தால் அது செல்லும் என்றது கோர்ட்டு. உங்களுக்கான சட்டம் இதுதான் ஐயா. எட்டு கான்ஸ்டபிள்களோடு நின்ற அந்த நிமிடத்தில் ஊர்வலத்தைத் திருப்பி விட்டிருந்தீர்கள் என்றால் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்துக்கு நிறுத்துவது வேறு, நிறுத்தப்பட்டவனையே குற்றவாளி என்று பதிவு செய்வது வேறு. வெஸ்டனில் நடந்தது இரண்டாவது.

அப்புறம், ஊர்வலம் போகிறவர் எல்லாரும் பீட்டி மாதிரி இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லிவர்பூலில் வைஸ் என்ற பிரசங்கி கழுத்தில் ஜெபமாலை தொங்கவிட்டு, சிலுவையை ஆட்டி ஆட்டிக் கத்தோலிக்கர்களைக் கேவலமாகப் பேசிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அவரிடம் பிணை வாங்கியது சரி என்று 1902-இல் முடிவானது. வசவுக்கு வரும் கோபத்தையும், இவன் இந்தத் தெருவில் நடப்பதா என்று வரும் கோபத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது. மேளம் அடித்தார்கள், பொது ரோட்டில் போகக் கேட்டார்கள், அவ்வளவுதானே?

இனி நம் பக்கம் வருகிறேன். வெஸ்டன் வழக்கு நடந்த அதே 1882 செப்டம்பரில் இரட்சணிய சேனை பம்பாயில் வந்து இறங்கியது, தெருவில் ஊர்வலம் போனதற்காக இங்கேயும் கைதானார்கள். அதற்கு முந்தின மாதம்தான் சேலத்தில், பள்ளிவாசல் வழியாக மேளத்தோடு ஊர்வலம் போகும் தகராறு பெரிய கலவரமாக வெடித்தது. கலவரத்தைத் தூண்டினார் என்று வக்கீல் சேலம் விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருடம் தண்டனை விதித்து, பிறகு உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகத் தெரியாதது 1883-இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு, தலைமை நீதிபதி டர்னர் முன்னிலையில், சுந்தரம் செட்டி வழக்கில் சொன்னது. ஊர்வல உரிமை எல்லா மதத்தாருக்கும் உண்டு, போக்குவரத்துக்காகவும் அமைதிக்காகவும் மாஜிஸ்திரேட் கட்டுப்பாடு விதிக்கலாம், அதுவரை எல்லாரும் சொல்வதுதான். மேலே போய், மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உரிமையை நிறுத்தி வைப்பதற்குப் பதில் உரிமையைக் காப்பதற்குத்தான் பயன்பட வேண்டும் என்றது. கலவரம் வரும் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிகிறது என்றால் யாரிடமிருந்து வரும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது, அவர்களிடம் பிணை வாங்குவது அவர் கடமை என்றது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். வெஸ்டன் தீர்ப்பு, இவர்களைத் தண்டிக்காதே என்பதோடு நின்றுவிடுகிறது. போலீஸ்காரர் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது நம் சென்னைக் கோர்ட்டு. இது ஒரு மதத்துக்குச் சாதகம் என்று யாராவது நினைத்தால், 1924-இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதே உரிமையை உறுதி செய்தது சன்னி பள்ளிவாசல் பக்கம் ஊர்வலம் போன ஷியாக்களின் வழக்கில் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 153-ஆம் பிரிவு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கலவரத்தைத் தூண்டுவது பற்றியது. சட்டவிரோதமான செயலால் தூண்டினால்தான் குற்றம் என்று அதிலேயே இருந்தது. பொது ரோட்டில் சாமி தூக்கிக்கொண்டு நடப்பது அதில் வராது. பிணை வாங்க உங்கள் கையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு இருந்தது, இப்போது அது புதிய சட்டத்தில் 126 ஆகிவிட்டது, 144 கூட 163 ஆகிவிட்டது. எண்கள் மாறினாலும், கல்லெறிவேன் என்று சொன்னவனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கும் வழி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதனால் ஊர்வலத்தன்று நீங்கள் செய்ததில் எனக்குப் பேச்சே இல்லை. முந்தின நாள் தாசில்தார் ஆபீசில் நடந்ததில்தான் என் மனம் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மேசையில் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தது. வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்கள் ஒரு பக்கம், பொது ரோட்டில் நடக்கக் கேட்டவர்கள் ஒரு பக்கம். காகிதத்தை இவர்கள் பக்கம்தான் நகர்த்தினீர்கள். அதற்கு நீங்கள் ஒருவர் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை, மேலே இருப்பவர்கள் சொல்வதைத்தான் அந்த நாற்காலியில் செய்ய முடியும், அதுவும் தெரியும். ஆனால் அந்தத் தெருக்காரர்கள் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும் ஐயா, முடிந்தால் எழுதுங்கள். எதிர்த்தவர்களிடமும் அன்று ஏதாவது எழுதி வாங்கப்பட்டதா? அதற்கடுத்த வருடம் அந்தச் சாமி எந்த வழியாகப் போனது?

அன்புடன்.