சிகரெட்டைத் தொடாத கை

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. பதினேழு வருடமாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழு பேர் சேர்ந்து ஒரே தேதி குறித்து, அன்றோடு சிகரெட்டை விட்டோம். தினமும் இரவு பத்து மணிக்கு ஒவ்வொருவரும் போன் குழுவில் "இன்று பூஜ்யம்" என்று எழுத வேண்டும், யாருக்காவது ஆசை வந்தால் மற்றவர்கள் உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும், இதுதான் ஏற்பாடு. இன்று எனக்கு 26-ஆம் நாள். போன வாரம் என் எட்டு வயதுப் பையன் லேப்டாப் பக்கத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்று ஓங்கி அறைந்துவிட்டேன், ஆனால் அப்போதுகூட சிகரெட்டைத் தொடவில்லை, குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நூறு நாள் ஆனதும் சொல்லி அசத்தலாம் என்று இருக்கிறேன். இப்போது குழுவில் இரண்டு பேர் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், மற்றவர்களும் முன்போல் எழுதுவதில்லை. ஊக்கம் இல்லாவிட்டால் நானும் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேறு நல்ல குழுவில் சேரலாமா?

பதில்: தம்பி, இருபத்தாறு நாளுக்கு என்னிடமும் ஒரு சபாஷ் எதிர்பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அது போதுமான அளவு கிடைத்துவிட்டது, அதனால் நான் தரப்போவதில்லை.

பையன் தண்ணீர் கொட்டினான், அறைந்தேன், சிகரெட்டைத் தொடவில்லை, பாராட்டினார்கள். நாலு விஷயத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்குப் போக முடியவில்லை. பையன் அழுதானா, எங்கே போய் நின்றான், அன்றைக்கு ராத்திரி உங்கள் பக்கத்தில் வந்து படுத்தானா, ஒரு வார்த்தை இல்லை. லேப்டாப் என்ன ஆனது என்றும் இல்லை, ஆக அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கன்னம் சிவந்த பிள்ளை ஒரு பக்கம் நிற்க, நீங்கள் போனை எடுத்து ஆறு பேரிடம் "தொடவில்லை" என்று பெருமை எழுதியிருக்கிறீர்கள், அவர்களும் கைதட்டியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையை அடித்ததற்குக் கைதட்டல் கிடைத்த அன்றைக்கே அந்தக் குழு சோர்ந்துபோய்விட்டது தம்பி, இரண்டு பேர் மறுபடி பற்றவைத்த அன்றைக்கு இல்லை.

விட்ட புதிதில் எரிச்சல் வரும், தெரியும். கடைசி சிகரெட் முடிந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். தூக்கம் கெடும், கவனம் நிற்காது, சின்னச் சத்தம்கூடக் குத்தும். இது உங்களுக்குத் தெரியும், குழுவில் இருக்கிற ஆறு பேருக்கும் தெரியும். எட்டு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவனைப் பொறுத்தவரை திடீரென்று ஒரு நாளிலிருந்து அப்பா மாறிவிட்டார், அதற்குத் தான்தான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் கணக்கு அப்படித்தான் போகும்.

என் அப்பா விட்டபோது நான் ஏழாம் வகுப்பு. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சத்தமாகச் சாத்தினால் திட்டு, மெதுவாகச் சாத்தினால் "என்ன திருட்டுத்தனம்" என்று திட்டு. அவருக்கு வேலை போய்விட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று அம்மா தானாகவே முடிவு கட்டி, சத்தமில்லாமல் வீட்டுச் செலவைக் குறைக்க ஆரம்பித்தார். என் பள்ளிச் சுற்றுலா அதில்தான் போனது. பத்து வருடம் கழித்து விருந்தாளிகள் முன்னால் அப்பா "யார் உதவியும் இல்லாமல் விட்டவன் நான்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நூறாம் நாள் சொல்லி அசத்தப் போகிறீர்களாம். உங்கள் மனைவிக்கு மூக்கு இல்லை என்று நினைத்தீர்களா? பதினேழு வருடத்து வாசனை சட்டையிலிருந்து போனது அவருக்கு என்றைக்கோ தெரிந்திருக்கும். இப்போது அவர் இடத்தில் நின்று பாருங்கள்: புருஷன் திடீரென்று சுத்தமாக மணக்கிறார், வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுகிறார், ராத்திரி பத்து மணி அடித்தால் போனோடு ஒதுங்கி யாருக்கோ எழுதுகிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அந்தப் பெண் என்னவென்று நினைப்பார்? எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வர்ணனையில்தான் ஆரம்பிக்கும். அவரும் எனக்கு எழுதும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஏன் சொல்லவில்லை? அசத்துவதற்காக என்பதை நான் நம்பவில்லை. வீட்டில் சொல்லிவிட்டால் பின்வாசல் அடைபட்டுவிடும், அதுதான் காரணம். குழுவில் விழுந்தால் இரண்டு நாள் எழுதாமல் இருந்துவிடலாம், இன்னும் வெட்கமாக இருந்தால் வெளியேறிவிடலாம், வேறு குழுவில் போய் முதல் நாள் என்று புதுசாகத் தொடங்கலாம். வீட்டிலிருந்து அப்படி வெளியேற முடியாது. விழுந்தால் ஒரு முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த முகத்துக்குப் பயந்துதான் ஆறு பேரை வைத்துக்கொண்டு மூன்று பேரை வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள், நீங்களும் சேர்த்துத்தான் மூன்று.

கூட்டாக விடுவதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 12,067 பேரை வைத்து 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. மனிதர்கள் தனித்தனியாக விடுவதைவிட, ஒருவரோடு ஒருவர் தொடர்புள்ளவர்கள் கொத்துக் கொத்தாக விடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. நண்பர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது, கணவனோ மனைவியோ விட்டால் 67 சதவீதம். உங்கள் வீட்டம்மா புகைப்பவர் இல்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் போட முடியாதுதான். ஆனாலும் யார் பக்கத்துப் பிடி வலுவானது என்பதைப் பாருங்கள்.

அப்புறம் அந்த இரண்டு பேர். வேறு நல்ல குழுவில் சேரலாமா என்று கேட்கிறீர்களே, இதைக் கேட்கக் கொஞ்சம் கூசவில்லையா? இருபத்தாறு நாளாக உங்களுக்கு ஆசை வந்தபோது போனை எடுத்தவர்களில் அவர்களும் உண்டுதானே? ஒரே முயற்சியில் நிரந்தரமாக விட்டவர்கள் குறைவு, பலர் பல முறை விழுந்து எழுந்துதான் விட்டார்கள். அவர்கள் குழுவில் எழுதாமல் இருப்பது வெட்கத்தால்தான். பொதுவில் உபதேசம் செய்யாமல், தனித்தனியாகக் கூப்பிட்டு, "இப்போது எத்தனை பிடிக்கிறாய், அடுத்த தேதி எப்போது" என்று மட்டும் கேளுங்கள். "நாளைக்கு ஒன்றே ஒன்றுதான்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்: 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினம் இருபது பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தினம் ஒன்று பிடிப்பவருக்கே கூடியிருந்தது. இருபதில் ஒரு பங்கு என்று நாம் மனதில் போடும் கணக்கு இதயத்தில் செல்லாது.

உங்கள் எரிச்சலுக்கும் கொஞ்சம் வைத்தியம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகைப்பவர் உடம்பு காஃபீனை வேகமாகக் கரைக்கும், விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதனால் பழைய அளவிலேயே காபி குடித்தால் ரத்தத்தில் முன்பைவிட அதிகம் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள். டாக்டரைக் கேட்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையோ நிகோடின் சூயிங்கமோ எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். அந்த கம்மை மிட்டாய் மாதிரி மென்று தள்ளாமல், காரம் தெரியும்வரை மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வெறும் மன உறுதியில் விட்டேன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டு, அதன் செலவைப் பிள்ளை கன்னத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆசை வரும் அலை பெரும்பாலும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். அந்தச் சில நிமிடத்தை வீட்டில் எப்படிக் கழிப்பது என்பதைப் பையனையும் கூட வைத்து முடிவு செய்யுங்கள். "அப்பாவுக்கு அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் யாரும் பேசக்கூடாது, நீங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும், நேரம் பார்ப்பது அவன் வேலை. எட்டு வயதில் இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் நொடி பிசகாமல் பார்ப்பான், நீங்கள் நாலு நிமிடத்தில் திரும்பி வந்தால் மறுபடி வெளியே அனுப்புவான்.

இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு முன்னால் இரண்டு வேலை. முதலில் பையன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், நின்றுகொண்டு பேசாதீர்கள். "அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அப்பா சிகரெட்டை விட்டிருக்கிறேன், அதனால் கோபம் வருகிறது, அதற்காக அடிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். "ஆனால் நீயும் பார்த்து நடந்திருக்கலாம்" என்று வாலில் ஒன்றைச் சேர்த்தால் சொன்னது அத்தனையும் வீண். இரண்டாவது, மனைவியிடம் போனைக் கையில் கொடுத்து, குழுவில் இருபத்தாறு நாளாக எழுதியதை அவரே படிக்கட்டும், அறைந்த நாள் உட்பட. கோபப்படுவார். படட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு, நீங்கள் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இதெல்லாம் முடிந்து குழுவில் எழுத உட்காரும்போது பத்து மணி தாண்டிவிடும், தாண்டட்டும். பூஜ்யத்தோடு சேர்த்து, "அன்றைக்கு நீங்கள் பாராட்டியது எனக்குப் பிடிக்கவில்லை" என்றும் ஒரு வரி எழுதுங்கள். நூறாம் நாள் எனக்குக் கடிதம் வேண்டாம் தம்பி. பையன் என்ன சொன்னான் என்று மட்டும் இந்த வாரமே எழுதுங்கள்.