காந்தம் வாங்கும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஒன்பது வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார் என்னுடையது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 15-ஐத் தாண்டுவதில்லை. பெட்ரோல் குழாயில் காந்தக் கருவி ஒன்றைப் பொருத்தினால் 20 சதவீதம் மிச்சமாகும், விலை 3,500 ரூபாய் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இப்படி மைலேஜைக் கூட்டுவதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் திரவங்களையும் சோதித்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதேனும் பலன் தெரிந்தது. காந்தம் வைத்தால் பெட்ரோல் நன்றாக எரியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

உங்கள் கவலை நியாயமானது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இந்த வித்தியாசம் 11 லிட்டர். ஏறக்குறைய 1,100 ரூபாய். ஆனால் அந்த 15 என்ற கணக்கு எப்படி வந்தது? 500 ரூபாய்க்குப் போட்டு முள் இறங்கும்வரை ஓட்டிப் பார்த்திருந்தால் அதை நம்ப வேண்டாம். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். 300 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்கில் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பழைய 18 முழுமையாகத் திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் வரும் இழப்பை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

மற்றதைச் சரிசெய்யலாம். முதலில் டயர் காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். டயர் சூடானால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில் வண்டி எடுத்ததுமே பாருங்கள். அடுத்தது பிரேக். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அதிகமாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். அந்த 3,500 ரூபாயை அதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று என் மைத்துனர் அப்படியே ஓட்டுகிறார். சரியா? (நாமக்கல் வாசகி)

பதில்: இதைப் படித்ததும் பதறிப்போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. நியூட்ரலில் இறங்கும்போது வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். சூடேற ஏறப் பிரேக் பிடிமானத்தை இழக்கும்.

மிச்சமும் கிடையாது. இன்றைய கார்களில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும். ஆக, அவர் செய்வதில்தான் செலவு அதிகம். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள். எஞ்சினையே அணைத்து இறங்குகிறவர்களும் உண்டு. பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணை போய்விடும், ஸ்டியரிங் இறுகும். தயவுசெய்து அவரிடம் இன்றே பேசுங்கள்.

சமதரையிலும் இதே உத்தி உதவும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். கடைசி நொடிவரை மிதித்துவிட்டுப் பிரேக் அடிக்கும்போது, எரித்த பெட்ரோல் அத்தனையும் பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது.

கேள்வி: ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடுமா? (மதுரை வாசகர்)

பதில்: காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியென்றால் கூடும். இன்ஜெக்டர் உள்ள வண்டி, காற்று குறைவதற்கேற்ப பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டரால் இழுவைதான் மந்தமாகும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றினால் போதும்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமா? முழுத் தொகைக்குக் கேட்டால் அளவில் ஏமாற்றுவார்கள், 200-க்குப் பதில் 210 ரூபாய்க்குப் போடு என்கிறார்களே? (கடலூர் வாசகர்)

பதில்: குளிரில் பெட்ரோலின் அடர்த்தி கூடும் என்பதால் வந்த நம்பிக்கை இது. ஆனால் பெட்ரோல் இருப்பது நிலத்தடித் தொட்டியில், அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 210 ரூபாய்க்குக் கேட்பதாலும் அளவு சரியாகிவிடாது. சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் பில்லைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.