கார் பூட்டில் இடம் போகாமல் சப்வூஃபர்

கேள்வி: என் செடான் காரில் 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைக்க ஆசை. ஆனால் அம்மாவின் சக்கர நாற்காலியும் பூட்டில்தான், அதாவது பின்பக்கச் சாமான் அறையில்தான், போக வேண்டும். என்ன செய்யலாம்?
- வாசகர், ஈசூன்

பதில்: நாற்காலிக்கு முதலிடம் கொடுங்கள் தம்பி. அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மிச்ச இடத்தை அளந்து பாருங்கள். சக்கர வளைவுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு குழி இருக்கும். என் காரில் அந்தக் குழியில்தான் சப்வூஃபர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

மூடிய வகைப் பெட்டியே செய்யுங்கள். துளை வைத்த பெட்டி பெரிதாகிவிடும். பல 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு 17 முதல் 20 லிட்டர் போதும். உங்களுடையதற்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

குழியை மாஸ்கிங் டேப்பாலும் அலுமினியத் தாளாலும் மூடி, ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) விரிப்பை ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நனைத்து ஒட்டுங்கள். முதல்முறை நான் இரண்டே அடுக்கு போட்டேன். பாட்டு போட்டதும் பெட்டியே அதிர்ந்தது. அப்புறம் 6 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை அடுக்கினேன், அடங்கியது. ஸ்பீக்கர் பொருத்தும் முன்பலகைக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை).

பலகை பொருத்துமுன், நன்றாக இறுகிய கூட்டில் ஒன்றரை லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 12 பாட்டில் பிடித்தது, அதாவது 18 லிட்டர். ஒழுகல் இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். ஸ்பீக்கரின் காந்தம் அடைக்கும் இடத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

ரெசின் வாடை கடுமையானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலோ தாழ்வாரத்திலோ வேண்டாம். காற்றோட்டமுள்ள பட்டறையில், முகக்கவசம் கையுறையோடு செய்யுங்கள். பின்விளக்கு பல்பை மாற்றக் கை போக வழி விடுங்கள். பெட்டியைக் கட்டாயம் போல்ட் போட்டு இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் அது நகரவே கூடாது.