தோற்றவருக்குப் போட்ட ஓட்டு எங்கே போகிறது?

கேள்வி: என் மகள் கடலூரில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கிறாள். 'நம் தேர்தல் முறை வாக்காளர்களை நியாயமாகப் பிரதிபலிக்கிறதா?' என்று பட்டிமன்றம். இவள் 'இல்லை' அணி. ஓட்டுக்குப் பணம், சாதி என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். இது போதுமா, ஐயா?

– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: போதாது. பணமும் சாதியும் தேர்தல் நடக்கிற விதத்தில் உள்ள கோளாறு. தலைப்பு கேட்பது முறையைப் பற்றி. ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல் தேர்தல் நடந்தாலும் எந்தக் குறை மிஞ்சும்? அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2016இல் காட்டுமன்னார்கோவிலில் அதிமுகவின் முருகுமாறன் 48,450 ஓட்டு, விசிக தலைவர் திருமாவளவன் 48,363. வித்தியாசம் 87. எல்லோரும் அந்த 87ஐத்தான் பேசுவார்கள். உங்கள் மகள் அதில் நிற்க வேண்டாம். பலமுனைப் போட்டியில், வென்றவருக்கே பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கவில்லை. அதுதான் விஷயம்.

நான் வாக்கு எண்ணும் பணிக்குப் போயிருக்கிறேன். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் வரிசையாக வரும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏஜெண்டுகள் கழுத்தை நீட்டி எழுதிக்கொள்வார்கள். தோற்றவரின் எண்ணையும் அதே அக்கறையோடுதான் எழுதுவார்கள். ஆனால் அந்த ஓட்டுகளின் பயணம் அந்த மேசையோடு சரி. சட்டமன்றத்தில் அவற்றுக்கு இடமே கிடையாது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இது தொகுதிக்குள் உள்ள குறை. இரண்டாவது, எல்லாத் தொகுதியையும் கூட்டும்போது தெரிவது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுகவுக்குச் சுமார் 44 சதவீத ஓட்டு, 39இல் 37 இடம். திமுகவுக்குச் சுமார் 23.6 சதவீதம், ஓர் இடம்கூட இல்லை. புதுச்சேரியில் 2021இல் காங்கிரசுக்கு ஏறத்தாழ 16 சதவீதம், 2 இடம். பாஜகவுக்கு ஏறத்தாழ 14 சதவீதம், 6 இடம். காங்கிரஸ் பாஜகவைவிட அதிகத் தொகுதிகளில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். மறைத்தால் எதிரணி அதை வைத்தே மடக்கும்.

இரண்டு குறையையும் குழப்பிக்கொள்ளாமல் பேசினால் பாதி வெற்றி. மருந்தும் வேறு வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்குள் மறுசுற்று. 2022இல் அவர்கள் ஏப்ரல் 10, 24 என்று இரண்டு ஞாயிறு வரிசையில் நின்றார்கள். காட்டுமன்னார்கோவில் குறை இதனால் தீரும். 2014 குறை தீராது. அதற்குக் கட்சி பெற்ற ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை வேண்டும்.

எதிரணி கட்டாயம் கேட்கும்: "அப்படியானால் எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. யார்?" இது நியாயமான கேள்வி. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்து ஓய்ந்ததும், யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதை இழக்கக் கூடாது. ஜெர்மனியில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. மொத்த இடங்களைப் பங்கிடுவதில் கட்சி ஓட்டுதான் முக்கியம். நமக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

அப்புறம் ஒரு வேலை. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். நீங்கள் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தின் எண்ணைத் தேடி, வென்றவர் நீங்கலாக மற்றவர்களின் ஓட்டை அவளே கூட்டட்டும். அந்தத் தாளை மேடையில் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.